கல்யாணப் பெண்ணோடு ஒரு நாள்: ஏற்காட்டில் என்னென்ன விளையாடினோம்

நம் ஊர் நலங்கு விளையாட்டுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தேங்காய் உருட்டுவது, ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் நொறுக்குவது, குடத்துக்குள் கைவிட்டு மோதிரம் தேடுவது, பூப்பந்து எறிவது. முன்பின் பேசியிராத ஒரு பெண்ணையும் பையனையும் கூச்சம் விட்டுச் சிரிக்க வைக்க இதைவிட நல்ல வழி இருந்திருக்காது. மாப்பிள்ளை முகத்தை மணவறையில்தான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்கிற அம்மாயிகள், அதாவது அம்மா வழிப் பாட்டிகள், எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறார்கள். குடத்துத் தண்ணீருக்குள் விரலோடு விரல் முட்டியதுதான் அவர்களுக்கு முதல் அறிமுகம்.

இப்போது நிச்சயம் முடிந்த அன்றைக்கு ராத்திரியே போனில் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. தாலி கட்டுகிற நாளுக்குள் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எல்லாமே தெரிந்துவிடுகிறது. ஆனால் பெண்ணின் சித்திக்கு மாப்பிள்ளையின் அக்காவைத் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பெண்ணின் அம்மாயி பேர் தெரியாது. மண்டபத்தில் இரண்டு வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, எதிர்ப்பட்டால் "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்புறம் வரிசைத் தட்டில் ஒன்று குறைந்தது, பந்தியில் முதலில் கூப்பிடவில்லை என்று ஒரு சின்ன விஷயம் வந்தால், அதைச் சிரித்துக்கொண்டே பேசித் தீர்க்க யாருக்கும் யாரிடமும் பழக்கம் இல்லை. மனஸ்தாபம் வருஷக்கணக்கில் நிற்கிறது.

அதனால்தான் என் அக்கா மகளின் சிநேகிதிகள் "சித்தி, ஏற்காட்டுல பிரைடல் ஷவர் வைக்கலாமா?" என்று கேட்டபோது நான் உடனே சரி என்றேன். அமெரிக்காவில் அது கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்னால் பெண்ணின் தோழிகளும் உறவுக்காரப் பெண்களும் கூடுகிற விருந்து. புதுக்குடித்தனத்துக்கு வேண்டிய பொருட்களைப் பரிசாகக் கொடுப்பார்கள், கேக் வெட்டுவார்கள், நிறைய விளையாடுவார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களையும் கூப்பிட வேண்டும், எழுபது வயதுக்காரரும் விளையாடுகிற மாதிரி விளையாட்டுகள் வேண்டும்.

நாள் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு நல்ல வசதி அமைந்தது. கல்யாணம் ஆவணியில். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் யாருக்கும் வேறு விசேஷம் இல்லை. போன தை, வைகாசியில் கல்யாணமான பெண்கள் எல்லாம் ஆடிக்குத் தாய்வீடு வந்திருப்பார்கள், அவர்களையும் கையோடு கூட்டிக்கொள்ளலாம். "ஆடியில் போய் நல்ல காரியமா?" என்று ஒரு பெரியவர் கேட்கத்தான் செய்தார். இதில் சடங்கு எதுவும் இல்லை, விளையாட்டும் சாப்பாடும்தான் என்றதும் ஒத்துக்கொண்டார். ஏற்காட்டில் மே மாதக் கோடை விழா நேரத்தில் இப்படி ஒரு கூட்டம் போடவே முடியாது. மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்களால் தங்க இடமும் கிடைக்காது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. ஆடியில் ஊர் அமைதியாக இருக்கும். சாரல் இருக்கும், பனிமூட்டம் இருக்கும், காப்பிச் செடியில் காய் பச்சையாகப் பிடித்திருக்கும், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி செழித்து நிற்கும். ஒரு எஸ்டேட் வீட்டை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். பெரிய கூடம், சிவப்பு சிமெண்ட் தரை, முன்னால் கூரை போட்ட திண்ணை. விளையாடுவதற்கு இவை போதும்.

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தான் என்றாலும் நேர்வழியில் கொண்டை ஊசி வளைவு இருபது. வயதானவர்களுக்கு வெறும் வயிற்றிலும் போகக் கூடாது, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகக் கூடாது. இரண்டு இட்லி போதும். பைக்குள் எலுமிச்சம்பழமும் இஞ்சி மரப்பாவும் இருக்கட்டும்.

மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரம் பக்கம். முதல் நாள் சாயங்காலமே சேலம் வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் இரண்டு வேன். ஒன்றில் அவர்கள், ஒன்றில் நாங்கள். அது தானாகவே அப்படித்தான் பிரிந்தது.

எந்த விளையாட்டாக இருந்தாலும் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று அணி பிரிக்கவே கூடாது. தோற்ற வீட்டுக்கு அது விளையாட்டாக இருக்காது. நாங்கள் கடைவீதியில் மூன்று நிறத்தில் கண்ணாடி வளையல் வாங்கி, ஒரு கூடையில் கலந்து போட்டு மேலே துண்டு போட்டு மூடினோம். வீட்டுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் கையை விட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். சிவப்பு ஓர் அணி, பச்சை ஓர் அணி, மஞ்சள் ஓர் அணி. அவரவர் கை எடுத்துக்கொடுத்த அணி என்பதால் யாரும் குறை சொல்வதற்கு இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவும் எங்கள் அம்மாயியும் பச்சை. அம்மாயி கைக்கு அந்த வளையல் ஏறவில்லை. சம்பந்தியம்மாவே சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, அவர் விரல்களைக் குவித்துப் பிடித்து, மெதுவாக ஏற்றிவிட்டார். விளையாட்டு ஆரம்பிக்கும் முன்பே இரண்டு பேர் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வளையலோடு ஆளுக்கு மூன்று பின்னூசியும் கொடுத்தோம். இது ஷவர் விருந்துகளில் ரொம்பப் பழக்கமான விளையாட்டு. ஒரு சொல்லைத் தடை செய்துவிடுவார்கள். யார் அதைச் சொல்கிறாரோ அவரிடமிருந்து கேட்டவர் ஒரு பின்னைப் பிடுங்கிக்கொள்ளலாம். அங்கே கல்யாணம் என்ற சொல்லையே தடை செய்வது உண்டு. நம் பெரியவர்களுக்கு அது பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை. அதனால் 'அப்புறம்' என்ற சொல்லைத் தடை செய்தோம். நம் ஆட்களால் அப்புறம் போடாமல் ஒரு கதை சொல்ல முடியுமா? பதினோரு மணிக்குள் பாதிப்பேர் மூன்றையும் இழந்துவிட்டார்கள். இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது, இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. நாள் முழுக்கப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு, பின் வேண்டுமென்றால் தெரியாத ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து 'அப்புறம்' என்ற சொல்லை அவர் வாயால் வரவழைக்கிற மாதிரி பேச்சுக் கொடுத்தாக வேண்டும். கேட்கிறவரே அந்தச் சொல்லைச் சொல்லிவிடாமல் கேட்க வேண்டும் என்பதுதான் சிரமம்.

கைப்பை விளையாட்டும் அங்கிருந்து வந்ததுதான், ஒரு மாற்றமும் இல்லாமல் இங்கே ஒட்டிக்கொண்டது. நடத்துகிறவர் ஒரு பொருளின் பெயரைச் சொல்வார். யார் கைப்பையில் அது இருக்கிறதோ அவருக்குப் புள்ளி. சீப்புக்கு ஒன்று, கோயில் குங்குமப் பொட்டலத்துக்கு இரண்டு, போன மாதத்து பஸ் டிக்கெட்டுக்கு ஐந்து. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் பையிலிருந்து தலைவலித் தைலம், ஊசி நூல், மாற்றுச் சட்டைப் பொத்தான், ஒரு சின்ன டார்ச் எல்லாம் வரிசையாக வந்தன. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அன்று முழுக்க யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் "டார்ச் அத்தைகிட்ட கேளு" என்பதுதான் பேச்சு.

சேலத்துக்கே உரியதாக ஒரு விளையாட்டு வேண்டும் என்று பெண்ணின் சிநேகிதி ஒருத்தி ஆசைப்பட்டாள். எங்கள் ஊர் என்றால் வெள்ளிக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வீட்டுக்கு வீடு பட்டறை. கம்பி இழுப்பவர் ஒருவர், வளையம் கோர்ப்பவர் ஒருவர், பற்ற வைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர் என்று ஒரு ஜோடிக் கொலுசு பல கை மாறித்தான் கடைக்கு வருகிறது. அதனால் கொலுசு விளையாட்டு. கல்யாணப் பெண்ணின் கண்ணைத் துப்பட்டாவால் கட்டிக் கூடத்தின் நடுவில் உட்கார வைத்துவிட்டு, கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். சத்தத்தை வைத்து யார் என்று அவள் சொல்ல வேண்டும். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நடந்தால்தான் சத்தம் சுத்தமாகக் கேட்கும், பாய் விரித்தால் கேட்காது. அவள் அம்மாவை இரண்டாவது அடியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். நாத்தனாரைத்தான் முதலில் தவறவிட்டாள். "இன்னொரு தடவை நடங்க அண்ணி" என்று கேட்டு, தலையைச் சாய்த்து வைத்துக் கேட்டாள். இடது கால் சலங்கை கொஞ்சம் தள்ளி ஒலிக்கிறது என்று பிடித்துக்கொண்டாள். மறுசுற்றில் நாத்தனார் நடந்ததும் பட்டென்று சொன்னாள். அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

கொலுசு போடாதவர்களும் இருப்பார்கள். அவர்கள் ஒதுங்கி நிற்கும்படி ஆகக் கூடாது. அதற்காக அடுத்த சுற்றில் கையைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொன்னோம். அரிவாள்மனைத் தழும்பு, தேய்ந்த மோதிரம், ஊசி குத்திக் காய்த்துப்போன விரல் நுனி என்று கைகள் நிறையச் சொல்லும். பெண்ணுக்கு வரப்போகிற மாமியார் கை நீட்டியபோது கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. அவள் தடவிப் பார்த்துவிட்டு "சோப்பு வாசம் வருது, அம்மாயிக்கு வளையல் போட்டுவிட்ட கை" என்றாள். அம்மாயி "எங்கண்ணு கெட்டிக்காரிடி" என்று திண்ணை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

அப்புறம் பூ கட்டும் போட்டி. இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் விளையாட்டே வேறாகிவிடும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு சரம் கட்ட வேண்டும், ஆளுக்கு ஒரு கையைத்தான் பயன்படுத்தலாம். ஒருவர் வலது கை, இன்னொருவர் இடது கை. மற்ற கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். சேலம் பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் குண்டுமல்லியும் வாழைநாரும் வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தோம். நாரை முன்னதாக நனைத்து வைத்தால்தான் அறுந்துபோகாது. நன்றாகப் பூக் கட்டத் தெரிந்தவருக்கு இரண்டு கை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே கட்டுவார். ஒரு கை என்று ஆனதும் அவர் வித்தை எல்லாம் பாதியில் நிற்கும். ஒருவர் பூவை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று காம்பு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் நாரைச் சுற்றி முடிச்சுக்குள் விட்டு இழுக்க வேண்டும். இவர் சற்று முந்தினால் பூ உதிரும், அவர் சற்று அதிகம் இழுத்தால் காம்பு அறுந்துவிடும். "ஏங்க, நீங்க இறுக்காதீங்க, நான் சொன்னதும் இழுங்க." "இப்பவா?" "இருங்க... ம், இப்ப." கூடம் முழுக்க இதே பேச்சு. பேர் தெரியாதவர்கள் ஒருவர் விரலை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே தாளத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் முழங்கையால் அளந்தோம். ஒன்றே கால் முழம் கட்டிய ஜோடிக்குத்தான் முதல் இடம். பூக் கட்டவே தெரியாத சென்னைப் பெண் ஒருத்தி அந்த ஜோடியில் இருந்தாள். அவள் ஜோடி அவசரப்படாமல் சொல்லிக்கொடுத்ததுதான் காரணம். கட்டிய சரம் அத்தனையும் அவரவர் தலைக்கே போனது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தட்டுவடை செட். விழுப்புரத்துக்காரர்களுக்கு இது புதுசு. ஒரு தட்டுவடை மேல் காரச் சட்னியும் புதினாச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடி அப்படியே வாயில் போட வேண்டும். ஒரு துணுக்குகூடக் கீழே சிந்தாமல் சாப்பிட்டால் அணிக்கு ஒரு புள்ளி. பெரியவர்களுக்குப் பல் போதாது, அவர்களை நடுவர் ஆக்கிவிட்டோம்.

அன்றைய நாளில் எல்லோரும் இன்னும் பேசிக்கொண்டிருப்பது தேங்காய் சுட்டதைத்தான். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்தில் ஆடி முதல் நாள் வீட்டுக்கு வீடு தேங்காய் சுடுவோம். பாரதப் போர் ஆடி ஒன்றாம் தேதி தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது என்றும், போர் தொடங்குவதற்கு முன் பிள்ளையாரைக் கும்பிட்டுத் தேங்காய் சுட்டுப் படைத்தார்கள் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். ஆடி பிறந்த அந்த வாரமே நாங்கள் மலைக்குப் போனதால் அதையே அன்றைய பெரிய விளையாட்டாக வைத்துக்கொண்டோம். இரண்டு பேருக்கு ஒரு தேங்காய். ஒருவர் சேலத்துக்காரர், ஒருவர் விழுப்புரத்துக்காரர்.

முதலில் தேங்காயின் நாரை ஒன்று விடாமல் பிடுங்கி, ஓட்டைச் சிமெண்ட் தரையில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இதற்கே நேரம் பிடிக்கும். பிறகு மஞ்சள் பூச வேண்டும். மூன்று கண்ணில் ஒன்று இளசாக இருக்கும், அதைக் குத்தித் திறந்து தண்ணீரை ஒரு டம்ளரில் இறக்கிக்கொள்ள வேண்டும். பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், அவல், பொட்டுக்கடலை, நுணுக்கிய வெல்லம், ஏலக்காய் எல்லாவற்றையும் கலந்து அந்தச் சின்ன ஓட்டை வழியாகச் சிட்டிகை சிட்டிகையாக உள்ளே தள்ள வேண்டும். ஒருவர் தேங்காயைப் பிடித்துத் தட்டிக்கொண்டே இருக்க, மற்றவர் போட்டுக் குச்சியால் குத்தி இறக்க வேண்டும். முழுக்க நிறைக்கக் கூடாது, அரிசியும் பருப்பும் வெந்து ஊதுவதற்கு இடம் வேண்டும். எடுத்து வைத்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, நுனி சீவிய அழிஞ்சில் குச்சியை அதே கண்ணில் அடித்து இறுக்கினால் தேங்காய் குச்சி முனையில் நிற்கும். குச்சி நீளமாக இருக்கட்டும், அப்போதுதான் கை சுடாது. குச்சியைச் சேலத்திலேயே வாங்கிவிட்டோம். விறகையும் தார்ப்பாய் போட்டு மூடிக் கீழிருந்தே ஏற்றிக்கொண்டு போனோம், மலையில் சாரலில் நனைந்த விறகு புகையத்தான் செய்யும். எஸ்டேட்டில் நெருப்பு என்பதால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, செடிகளிலிருந்து தள்ளி, வாசல் முற்றத்தில் மூட்டினோம். இரண்டு வாளித் தண்ணீரும் பக்கத்திலேயே வைத்திருந்தோம்.

அதன் பிறகு நெருப்பைச் சுற்றி நிற்பதுதான் வேலை. குச்சியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவருக்குக் கை வலித்தால் மற்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஜோடி என் அக்கா. நான் அவர்களுக்கு எதிரில் நின்றிருந்தேன். கூடத்தில் நாற்காலி போட்டு எதிரெதிரே உட்கார வைத்திருந்தால் இருவரும் சீர், சாமான், மண்டபம் என்றுதான் பேசியிருப்பார்கள். இங்கே இருவர் கண்ணும் தேங்காய் மேல். பார்வையைச் சந்திக்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது மனசில் இருப்பது வெளியே வருகிறது. என் அக்கா தன் மகளுக்குத் தனியாகப் படுக்கப் பயம் என்று சொன்னார். சம்பந்தியம்மா தன் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரியைச் சொன்னார். மணவறையில் மாலை மாற்றும்போது பேசிக்கொள்கிற விஷயங்களா இவை? ஓடு கறுத்து, 'டப்' என்று வெடிக்கிற சத்தம் முதல் தேங்காயிலிருந்து வந்ததும் எல்லோரும் கூவினார்கள். பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடைத்தோம். உள்ளே வெல்லம் உருகிப் பருப்பும் அரிசியும் பாகாய் ஒட்டி, தேங்காய்ப் பருப்பு லேசாகத் தீய்ந்த மணத்தோடு இருந்தது. எது ருசி என்று அம்மாயிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு "எல்லாம் ஒண்ணுதான் கண்ணு" என்று சொல்லிவிட்டார். நடுவர் சொல்லுக்கு மறுபேச்சு இல்லை.

மழை பிடித்ததும் கூடத்துக்குள் தாயம். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். பித்தளைத் தாயக்கட்டை வீட்டிலிருந்து எடுத்துப் போயிருந்தோம். கட்டை ஒன்றுக்கு வெற்றுப் பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு பக்கம். இரண்டு கட்டை பதினாறு விதமாக விழலாம், அதில் மொத்தம் ஒன்று வருகிற இரண்டு விதம்தான் தாயம். அது விழாமல் காயை இறக்க முடியாது. அதனால்தான் ஆரம்பத்தில் அவ்வளவு தவிப்பு. இரண்டும் வெற்றுப் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு. எங்கள் வீட்டு வழக்கப்படி ஒரு காயாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போய்ப் பழம் எடுக்கலாம், அதாவது காயைக் கரை சேர்க்கலாம்.

மஞ்சள் அணிக்குத் தலைவி என் பெரியம்மா. அவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரியப்பா போன பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவர் முன்னால் வந்து நின்று நான் பார்த்ததில்லை. நலங்கு வைக்க ஐந்து சுமங்கலி வாங்க என்று குரல் வந்ததும் எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போய்விடுவார். யாரும் போகச் சொல்வதில்லை, அவரே போய்விடுவார். அந்த வழக்கம் எனக்கு என்றைக்கும் ஏற்றதில்லை. பெண்ணைத் தூக்கி வளர்த்த கை, அவள் கன்னத்தில் சந்தனம் பூசக் கூடாது என்பதை நான் எப்படி ஒத்துக்கொள்வது? இந்த மாதிரி ஒரு கூட்டத்தில் சடங்கு இல்லை, ஆகவே அந்தக் கணக்கும் இல்லை. வளையல் கூடை அவர் முன்னால் வந்தபோது கொஞ்சம் தயங்கினார். பெண் அவர் கையைப் பிடித்துக் கூடைக்குள் விட்டாள். மஞ்சள் வந்தது, போட்டுக்கொண்டார்.

தாயக்கட்டை கைக்கு வந்ததும் பெரியம்மா வேறு ஆளாகிவிட்டார். உள்ளங்கையில் உருட்டி, நெற்றியில் ஒரு தட்டுத் தட்டி, "வா தாயி" என்று தரையில் வீசுவார். விழுகிற எண்ணைப் பார்க்கும் முன்பே எந்தக் காயை எங்கே நகர்த்துவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சம்பந்தியம்மாவின் காயை அடுத்தடுத்து வெட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் முகம் மாறியது, என்ன சொல்வாரோ என்று. சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே "அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடியே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே" என்றார். "தாயத்துல உறவு கிடையாது தங்கச்சி" என்று அடுத்த கட்டையை உருட்டினார் பெரியம்மா. மஞ்சள் அணிதான் ஜெயித்தது. நாலு காயும் பழம்.

இனி மாப்பிள்ளை கேள்வி. பெண்ணைப் பற்றிய கேள்விகளுக்கு மாப்பிள்ளையின் பதிலை முன்னதாகவே போனில் படம்பிடித்து வாங்கி வைத்துக்கொண்டு, பெண் அதே கேள்விக்குச் சொல்கிற பதிலோடு ஒத்துப் பார்ப்பது. கோபம் வந்தால் பேசுவாளா, பேசாமல் இருப்பாளா? காப்பிக்கு எவ்வளவு சர்க்கரை? எந்த வேலையைத் தள்ளிப் போடுவாள்? அவளுக்குப் பல்லி என்றால் பயம் என்று மாப்பிள்ளை சொன்னபோது அவள் அம்மாவுக்கே அது புதுச் செய்தி. இதில் கேள்விகளை எழுதுகிறவர் யார் என்பது முக்கியம். வேறொரு வரவேற்பில் மைக் பிடித்த பையன், பெண்ணின் எடையையும் பழைய நட்புகளையும் பற்றிக் கேட்டு மண்டபத்தையே சிரிக்க வைத்தான். அந்தப் பெண் மேடையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். உடம்பு, நிறம், சம்பளம், பழைய பேச்சு, மாமியாரா அம்மாவா என்கிற கேள்வி, இந்த ஐந்தும் பட்டியலில் வரவே கூடாது. நாங்கள் கேள்விகளைப் பெண்ணின் அம்மாவிடம் ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினோம்.

பரிசுப் பொட்டலங்களை எல்லார் முன்னாலும் பிரித்துப் பார்ப்பது அங்கே ஷவரின் முக்கிய கட்டம். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யார் எவ்வளவுக்கு வாங்கினார் என்று கண்கள் கணக்குப் போடும், வசதி குறைந்தவர் கூசிப்போவார். கழிவறைக் காகிதத்தைச் சுற்றி மணப்பெண் உடை செய்வது என்று ஒன்று உண்டு, அதுவும் நமக்குச் சரிப்படாது. அதற்குப் பதிலாக அம்மாயி காலத்துப் பின்கொசுவம் கட்டுகிற போட்டி வைத்தோம். கொசுவத்தைப் பின்னால் விட்டுக் கட்டுவது இளம்பெண்கள் யாருக்கும் தெரியவில்லை. பழைய நூல் புடவை ஒன்றை வைத்துக்கொண்டு அம்மாயி ஒவ்வொருத்தியாக நிற்க வைத்துக் கட்டிக் காட்டினார்.

சமையல் குறிப்பு ஒன்றும் எழுதச் சொன்னோம். பதார்த்தத்தின் பெயரை எழுதக் கூடாது, செய்முறை மட்டும். படித்ததும் மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். துவரம்பருப்பையும் அரிசியையும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகோடு ஒன்றாகப் பொங்கச் சொன்ன தாளைப் படித்ததுமே எங்கள் பக்கம் "அரிசிம்பருப்பு" என்று கத்திவிட்டது. விழுப்புரத்துக் காரக்குழம்பில் நாங்கள் தோற்றோம். தாள்களை எல்லாம் தைத்து நோட்டாக்கிப் பெண் கையில் கொடுத்தாயிற்று.

பரிசு விஷயத்தில் பெரிய செலவு வேண்டாம். ஜெயித்தவருக்கு ஒன்று, தோற்றவருக்கு ஒன்று என்று பிரிக்கவும் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே துணிப்பை. அதில் ஏற்காட்டுக் காப்பித்தூள் நூறு கிராம், மிளகு ஐம்பது கிராம், ஜவ்வரிசி வடகம் ஒரு பொட்டலம். மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுப்பதில் எங்கள் ஊருக்குப் பேர், 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. விழுப்புரத்துக்குப் போகிற பையில் அது இல்லாமல் எப்படி?

நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும் என்று ஓட்டுநர் சொல்லியிருந்தார். ஆடியில் பொழுது சாயும் முன்பே பனி இறங்கிவிடும், வளைவுகளில் எதிரே வருகிற வண்டி தெரியாது. பாட்டுக்குப் பாட்டை வேனுக்கு என்று மிச்சம் வைத்திருந்தோம். கூடத்தில் வைத்தால் பாடத் தெரிந்த நாலு பேர்தான் பாடுவார்கள், வேனில் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். ன், ல், ம் என்று முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதற்கே சண்டை வரும். ஏறும்போது பார்த்தால் மஞ்சள் வளையல் எல்லாம் ஒரு வேனில், சிவப்பும் பச்சையும் இன்னொன்றில். எந்த வீட்டார் எந்த வேன் என்று யாரும் கேட்கவில்லை. டார்ச் அத்தை பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வளைவிலேயே இஞ்சி மரப்பா பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினார்.